முயல்தோல் விரிப்பு

இந்த ஊர் வெயிலில் மிருகத்தின் ரோமத்தை வாங்கிச் சோபா மேல் போர்த்துகிறார்கள். அது கெட்டுப் போகக் கூடாது என்று நாள் முழுக்க ஏர்கோனைப் போடுகிறார்கள். அப்புறம் தாங்களே குளிர் தாங்காமல் அதே ரோமத்தை இழுத்து மடியில் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்குத்தான் நான் தைத்துக் கொடுக்கிறேன். கேட்டால் டிசைனாம். நாசமாய்ப் போன டிசைன். வாய்விட்டுச் சொல்ல முடியாது, என் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது.

திரைச்சீலை, குஷன் உறை, சோபா உறை, இவைதான் என் தொழில். சிரம்பான் டவுனில் ஒரு சீனர் கடையின் மாடியில் நாங்கள் மூன்று பெண்கள் உட்கார்ந்து தைக்கிறோம். முன்பெல்லாம் பூப்போட்ட துணி வரும். பிறகு வெல்வெட் வந்தது. அப்புறம் ஒரு நாள் எங்கள் முதலாளி தவுக்கே ஒரு பெட்டியைத் தூக்கி வந்து மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே பதப்படுத்திய முயல்தோல்கள், வெள்ளையும் சாம்பலுமாக, அடுக்கி வைத்திருந்தார்கள். இனி பணக்கார வீடுகளில் இதைத்தான் கேட்பார்கள் என்றார்.

அதற்கு என்ன பெயர் சொல்வது என்பதே எங்களுக்குப் பெரிய பாடாகிவிட்டது. நல்ல தமிழில் சொல்லப் போனால் அது மயிர். கஸ்டமர் முன்னால் நின்றுகொண்டு, 'மேடம், ஒங்க மயிரு ரெடியா இருக்கு' என்று சொல்ல முடியுமா? மலாய்க்காரர்கள் மாதிரி 'புலு' என்று சொல்லலாம் என்றால், நம் ஆட்கள் வாயில் அது இன்னும் மோசமாகப் போய் விழும். முதல் வாரம் சிரித்துச் சிரித்து ஊசியைத் தவறவிட்டோம். கடைசியில் ஃபர் என்றே வைத்துக்கொண்டோம். எனக்குத் தெரிந்து அந்தத் தோலைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு வாரம்தான்.

நிஜத் தோலைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. ரோமமும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும். கவிழ்த்துப் போட்டு, தோல் பக்கத்தில் மட்டும் பிளேடால் ஒரு கோடு இழுக்க வேண்டும், பிறகு கையால் மெல்லப் பிரிக்க வேண்டும். ரோமம் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று தடவிப் பார்த்து எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வைக்க வேண்டும். தைத்து முடித்ததும் தையலுக்குள் மாட்டிக்கொண்ட ரோமத்தை ஊசியால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிட வேண்டும். அப்போதுதான் தையல் தெரியாது. மூக்கிலும் வாயிலும் ரோமம் போகும். சோற்றில்கூட கிடக்கும். போலி ஃபரில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பின்பக்கம் நெய்த துணி இருக்கும். ஒரு இழை எடுத்துக் கொளுத்தினால் உருகி உருண்டையாகிவிடும். நிஜத்தைக் கொளுத்தினால் தலைமுடி கருகுகிற நாற்றம் வரும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது நிஜம், எது போலி என்று நான் சொல்லிவிடுவேன். இது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. நானும் என் தங்கையும் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை விற்று, கித்தா மரங்களையும் லயத்து வீடுகளையும் தள்ளிவிட்டு, அங்கே கேட்டும் காவலுமாக ஒரு தாமான் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். எல்லாம் பங்களா. பழசில் மாரியம்மன் கோயிலை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தத் தாமானில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். வீட்டுக்காரி நம் ஆள்தான். சோபாவுக்கு இரண்டு போர்வை, எட்டுக் குஷன், கட்டில் கால்மாட்டுக்கு ஒன்று, ஸ்டூலுக்கு ஒன்று, எல்லாம் நிஜ முயல்தோலில் வேண்டும் என்றாள். போனில் ஏதோ வெளிநாட்டு வீட்டுப் படத்தைக் காட்டினாள். அதில் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

"போலி வேணாம் சிஸ்டர். கை வச்சா தெரிஞ்சிடும் லா" என்றாள். பின்னால் அவளுடைய மூன்று பிள்ளைகள் சோபாவில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன.

அந்த வேலை முடிந்தபோது வெட்டுத்துண்டு நிறைய மிச்சமானது. கால் இருந்த இடம், வயிற்றுப் பக்கம், ஓட்டை விழுந்தவை. தவுக்கே குப்பையில் போடச் சொன்னார். நான் கேட்டேன், எடுத்துக்கொள் என்றார். பாரோயில் இருக்கும் என் பிளாட்டுக்குக் கொண்டுபோய், சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து, வெள்ளை நடுவில், சாம்பல் ஓரத்தில் என்று ஒட்டுப்போட்டுத் தைத்தேன். ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு விரிப்பு. உள்ளே பஞ்சு வைத்து, பின்னால் தடித்த பழுப்புத் துணி கொடுத்து மூடினேன். மூன்று வாரம் ஆனது. கடைக்குத் தைத்தவற்றில் ஒன்றுகூட அதற்குக் கிட்டே வராது. அதை என் தங்கைக்காகத்தான் தைத்தேன்.

அவளுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. அப்பா விடியும் முன்னே கித்தா மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார். தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றியதெல்லாம் நான்தான். நான் படிப்பை விட்டேன், அவள் படித்தாள். அரசாங்க ஆபீஸில் கிளார்க் ஆனாள், நல்லவனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள், மம்பாவில் சொந்த வீடு வாங்கினாள். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. அந்த ஒன்று மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. எனக்கு வளர்ந்த மகன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஏதோ அவளுடையதை எடுத்து வைத்துக்கொண்டவள் மாதிரி எனக்குக் கூச்சமாக இருக்கும்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று அந்த விரிப்பைக் கொண்டுபோய் அவள் ஹாலில் விரித்தேன். வந்தவர்கள் எல்லாம் குனிந்து தடவிப் பார்த்தார்கள். அவள் அதன் மேல் உட்கார்ந்து கன்னத்தை வைத்துத் தேய்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, "அக்கா, இது நெசத் தோலா? செத்ததா?" என்று கேட்டாள்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஆம் என்று சொன்னால் அந்த நிமிடமே சுருட்டி வெளியே வைத்துவிடுவாள் என்று தெரிந்தது. மூன்று வார உழைப்பு. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அட போடி, எல்லாம் பிளாஸ்டிக்கு" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

மறுவருடம் அவள் அம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். நாற்பத்தெட்டு நாள் விரதம். மஞ்சள் கயிறு கட்டி, கவிச்சி விட்டு, ஒரு வேளை சாப்பிட்டு, தரையில் படுக்க வேண்டும். தோட்டத்துக் கோயில் பூசாரி கறாரான ஆள். தோல் சாமான் எதுவும் உடம்பில் படக் கூடாது, பட்டால் விரதம் போச்சு, முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருக்கிறார்.

விரதத்தின் நடுவில் ஒரு மத்தியானம் அவளுக்குப் பிடித்த பூசணிக்காய்க் கூட்டும் ரசமும் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினாள். கைக்கடிகாரத்தின் வாரை மாற்றி பிளாஸ்டிக் வார் போட்டிருந்தாள். ஆபீஸ் பேக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத் துணிப்பை வாங்கியிருந்தாள். காலுக்கு ரப்பர் சிலிப்பர். புருஷனுடைய பெல்ட்டைக்கூட விடவில்லை.

"அவருக்கு இப்ப கால்சட்ட நிக்க மாட்டேங்குதுக்கா. ஒரு கையில பிடிச்சிக்கிட்டே வேலைக்குப் போறாரு" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

இதையெல்லாம் அந்த முயல்தோல் விரிப்பின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் சொன்னாள். பக்கத்தில் தலையணை கிடந்தது.

"இதுலயா படுக்குற?"

"ஆமாக்கா. சிமெண்டு தரை ஜில்லுன்னு இருக்கு. தரையிலதானே படுக்கச் சொன்னாங்க, விரிப்பு வேணாம்னு சொல்லலியே. நல்லவேள நீ தச்சுக் குடுத்தே. மெத்துன்னு இருக்கு."

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பாதி விரதம் பாழ், முதலிலிருந்து தொடங்க வேண்டும், அழுவாள், என்னைத் திட்டுவாள். அவ்வளவுதானே? அதைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதில் எனக்கு நானே வியாக்கியானம் சொல்லிக்கொண்டேன். தெரியாமல் செய்தால் பாவமில்லை என்றேன். அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அதில் சிவன் புலித்தோல் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். புலிக்கு ஒரு நியாயம், முயலுக்கு ஒரு நியாயமா என்று நினைத்துக்கொண்டேன். ரசம் ஆறிவிடும், சாப்பிடு என்றேன். போகும்போது விரிப்பின் ஓரம் மடங்கியிருந்ததைக் குனிந்து நீவிவிட்டேன்.

பால்குடம் எடுத்து மூன்று மாதத்தில் அவள் உண்டானாள். அலறிக்கொண்டுதான் போன் செய்தாள். "அம்மன் கண்ணத் தொறந்துட்டாக்கா!" என்றாள். கடையில் நான் மிஷினை நிறுத்திவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். முயல்தோலாவது மண்ணாவது, அம்மனுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா என்று நெஞ்சு லேசானது. அந்த நாலு மாதம் என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த மாதங்கள்.

ஐந்தாம் மாதம் கரு கலைந்துபோனது. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் நான்தான் இருந்தேன். குழந்தை வளர்ந்த விதத்திலேயே கோளாறு, யார் செய்த தப்பும் இல்லை, நடக்க வேண்டியதுதான் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தங்கை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு பெரும்பாலும் அந்த விரிப்பில்தான் சுருண்டு கிடந்தாள்.

வருடக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பங்களாக்காரி வீடு மாதிரி அவள் வீட்டில் நாள் முழுக்க ஏர்கோன் ஓடாது. விரிப்பு பூஞ்சை பிடித்து நாறத் தொடங்கியிருக்கிறது. துவைப்பதற்காகப் பின்துணியைப் பிரித்திருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்புக் குப்பைப் பையோடு என் பிளாட்டுக்கு வந்தாள். நான் மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பையைக் கவிழ்த்தாள். தண்ணீர் பட்டுக் காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்துப்போன தோல் மேசையில் விழுந்தது. ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது.

"இது என்னாக்கா?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"இங்க பாரு, நரம்பு ஓடுன தடம். இங்க காலு இருந்திருக்கு. ஒரு முடிய எடுத்துக் கொளுத்திப் பாத்தேன். பொணம் எரிக்கிற நாத்தம் அடிக்கிது."

தவுக்கே ஏமாற்றிவிட்டார், எனக்கே தெரியாது என்று ஒரு பொய் தயாராக வந்து நின்றது. அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"தெரியும்" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து."

"வாட்ச் வார மாத்திட்டு வந்து ஒன்கிட்ட காட்டுனேனே, அப்ப?"

"அப்பவும் தெரியும்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. என் குணம் எனக்குத் தெரியும், மாட்டிக்கொண்டால் கத்துவேன். கத்தினேன்.

"டாக்டர் என்னா சொன்னாரு? யாரு தப்பும் இல்லன்னு சொன்னாரா இல்லியா? ஒரு மொயலாடி வந்து ஒன் பிள்ளையத் தூக்கிட்டுப் போச்சு? படிச்சவதானே நீ! சிவன் படத்தப் பாரு, அவரு புலித்தோல் மேல உக்காரலியா?"

"அவரு புலின்னு தெரிஞ்சிதான்க்கா உக்காந்தாரு" என்றாள்.

அவள் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தாள்.

"பிள்ள எதுனால போச்சுன்னு எனக்குத் தெரியும். நான் அதுக்கு வரல. நாப்பத்தெட்டு நாளு பட்டினி கெடந்து தரையில படுத்தேனே, அப்ப நீ என்னப் பாத்து என்னா நெனச்சே? அது மட்டும் சொல்லு."

"ஒன் மனசு ஆறட்டும்னு நெனச்சேன். வேறென்னா?"

"மனசு ஆறட்டும்னு."

"ஆமா."

"விரதம்னால புள்ள பொறக்கும்னு நீ நெனைக்கல."

இல்லை என்றேன். அதுதான் உண்மை. உள்ளுக்குள் அவள் விரதத்தை நான் நம்பியதே இல்லை. நம்பியிருந்தால் அந்த மத்தியானம் ரசத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை அந்த விரிப்பிலிருந்து கையைப் பிடித்து எழுப்பியிருப்பேன். காய்ச்சல்காரக் குழந்தை எதையோ உளறினால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவோமே, அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"நம்பலன்னா சொல்லியிருக்கலாம்ல" என்றாள். "நான் தனியா நம்பிட்டுப் போயிருப்பேன்."

எழுந்து போய்விட்டாள். நான் ஊற்றி வைத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை. அதற்குப் பிறகு போன் செய்தால் எடுப்பதில்லை. அவள் புருஷன்தான் எடுப்பார், "கொஞ்ச நாளு போவட்டும்க்கா" என்பார். பொங்கல் போனது, தீபாவளியும் போனது.

அந்த விரிப்பை நான்தான் குப்பையில் போட்டேன். அடுத்த வாரமே அந்தப் பங்களாவில் போர்வை ஒன்று தையல் விட்டிருக்கிறது, போய்ப் பார் என்று தவுக்கே அனுப்பினார். போனேன். நாங்கள் பிள்ளைகளாக ஓடித் திரிந்த மண்ணில் கட்டிய அந்தக் குளிர் ஹாலில், ஒரு பண்ணையளவு முயல்கள் செத்துக் கிடக்கிற சோபாவில், அந்த மூன்று பிள்ளைகளும் சாக்லெட் பாலைச் சிந்திக்கொண்டு உருண்டு புரண்டன. மூன்றும் கொழுகொழுவென்று இருந்தன. வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு வந்து அதே சோபாவில்தான் உட்கார்ந்தாள். அவளை எந்தச் சாமியும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளைகள் மேல் கண் வைக்கக் கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டே தைத்தேன். கிழிசலை முடித்துவிட்டு, தையலில் மாட்டிய ரோமத்தை ஊசியால் இழுத்துவிட்டேன். அவள் தடவிப் பார்த்து, "எங்க கிழிஞ்சிச்சின்னே தெரியல சிஸ்டர்" என்றாள்.

இந்த வருடத் திருவிழாவுக்கு என் தங்கை மறுபடியும் கயிறு கட்டியிருக்கிறாள் என்று கோயில் ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. டாக்டர்கள் கையை விரித்தாயிற்று. ஆனாலும் கட்டியிருக்கிறாள். இந்த முறை வெறும் சிமெண்டுத் தரையில் படுக்கிறாளாம், ஒரு துணிகூடப் போடுவதில்லையாம்.

பால்குடத்தன்று நான் போனேன். கூப்பிடாமல்தான் போனேன். பால்குடம் எடுத்து வருகிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். தார் ரோட்டில் வெறுங்காலோடு வருகிறார்கள், சூடு தாங்காது. ஒரு வாளி நிறைய மஞ்சள் கரைத்து, செம்போடு தாமான் ரோட்டின் முனையில் நின்றேன். மேளச் சத்தம் வந்தது. மஞ்சள் சேலையில் அவள் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தலையில் குடம், இரண்டு கையும் அதைப் பிடித்திருந்தன. நான் முன்னால் போய்ச் செம்பை எடுத்துக் குனிந்தேன். அவள் கால் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். என்னைத்தான் பார்த்தாள். கோபம்கூட அந்த முகத்தில் இல்லை.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள்.

விடுங்க. சோறு ஊட்டி வளர்த்த நாளிலிருந்து அவள் என்னை வா, போ, நீ என்றுதான் பேசுவாள். சண்டை போட்டாலும் அப்படித்தான், அந்த ஞாயிற்றுக்கிழமைகூட அப்படித்தான். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையை முதல் தடவையாக எனக்குக் கொடுத்தாள். நான் செம்போடு ஓரமாக ஒதுங்கினேன். அவள் கொதிக்கிற ரோட்டில் காலை வைத்து என்னைத் தாண்டிப் போனாள். அவளுக்குப் பின்னால் வந்த பெண் யாரோ தெரியாது, என் முன்னால் நின்று காலைக் காட்டினாள். அவளுக்கு ஊற்றினேன்.